காலைக் காட்டு

முதலில் வலது கால் செருப்பு கழலும். இடது கால் செருப்பு அப்படியே இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வயிறு மேசையில் முட்டுகிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், ஓட்டு" என்பாள். ஓட்டுவதற்கு அந்த அறையில் வேறு யாரும் கிடையாது. தானே சொல்லி, தானே பட்டனைத் தட்டிக்கொள்வாள். திரையில் முந்தின நாள் ரேஸ் ஓடத் தொடங்கும். ஈரமான வளைவு, இருபத்திரண்டு கார்கள். சிவப்புக் கார் வந்த வேகத்தில் நீலக் காரின் முதுகில் ஏறும். அதே கணம் மேசைக்கு அடியில் அவளுடைய வெறுங்கால் தரையை ஓங்கி அழுத்தும். ஒன்பது வருஷமாக அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் தரைவிரிப்பு நைந்து, ஒரு பாதம் அகலத்துக்குச் சிமெண்ட் தெரிகிறது.

அவளுடைய உத்தியோகத்தை வெளியாள் ஒருவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டு மேசை ஓரத்தில் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, காலடியில் பெடல்களை வைத்து, திரையைப் பார்த்துக் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை வீடியோ கேம் என்று சொல்லிவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சிமுலேட்டர் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அப்படி நானூறு பேர் சேர்ந்து ஒரு லீக். அதில் பல் டாக்டர் இருக்கிறார், பேக்கரிக்காரர் இருக்கிறார், ரிட்டையரான கணக்கு வாத்தியார் இருக்கிறார். சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே பாதையில் ஓட்டி, ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளுவார்கள். காலையில் "நான் இல்லை, அவன்தான்" என்று புகார்கள் வந்து குவியும். சலவைக் கடைக்கு மேலே, கீழிருந்து ஏறுகிற ஆவியில் எந்நேரமும் வெதுவெதுவென்றிருக்கும் மாடி அறையில் உட்கார்ந்து, யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்கிறவள் இவள். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அம்பயர் அக்கா. ஸ்டியரிங்கும் கம்ப்யூட்டரும் பழுதுபார்க்கிற மெக்கானிக் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

"நான் பிரேக் போட்டேன்க்கா, அவன்தான் குறுக்க வந்தான்" என்று பல் டாக்டர் போனில் அழாத குறையாகச் சொல்வார்.

"வாய் பேசறதை அப்புறம் கேக்கறேன் டாக்டர். முதல்ல காலைக் காட்டுங்க."

காலைக் காட்டுவது என்றால், பெடலின் கணக்கைக் காட்டுவது. யார் எந்தப் பெடலை எவ்வளவு அழுத்தினார் என்பது விநாடிக்கு அறுபது தடவை பதிவாகிறது. பச்சைக் கோடு ஆக்சிலேட்டர், சிவப்புக் கோடு பிரேக். அவள் அந்தக் கோடுகளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பாள்.

"பச்சை மலை மாதிரி நிக்குது டாக்டர். சிவப்பு தரையோட தரையா படுத்துக் கிடக்கு. எதால பிரேக் போட்டீங்க, நாக்காலயா?"

ரேஸ் நேரத்தோடு ஐந்து விநாடி கூட்டித் தண்டனை. டாக்டர் மூன்று நாள் பேசமாட்டார். நாலாம் நாள் அடுத்த புகாரோடு வருவார்.

இந்தக் கால் புத்தி அவளுக்குப் பதினாலு வயதிலேயே வந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், காசு போட்டால் ஓடுகிற மெஷின்கள் வைத்திருந்த ஒரு கூடம். அதில் ஒரு கார் மெஷின். கிழிந்த ரெக்ஸின் சீட், எத்தனை சுற்று சுற்றினாலும் தானாகத் திரும்பி வராத ஸ்டியரிங். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான் ரோடு. இடித்தால் கார் நாலு தடவை மினுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி நிற்கும். தம்பிக்கு அப்போது ஏழு வயது, கால் எட்டாது. அவள் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை அவன் பிடிப்பான், பெடல் அவள் பொறுப்பு. வளைவு வந்ததும் "அக்கா!" என்று கத்துவான். அவள் அழுத்துவாள். பிரேக் என்று சொல்லவே தேவையில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த மெஷினில் மூன்று வருஷம் முதலிடத்தில் இருந்தார்கள்.

அப்புறம் காலம் எங்கேயோ போய்விட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அம்புக்குறியைத் தட்டி ஓட்டினார்கள். மேசையில் மாட்டுகிற ஸ்டியரிங் வந்தது. பிறகு, கையை எதிர்த்து முறுக்குகிற ஸ்டியரிங் வந்தது. "அக்கா, ரோடு கையில தெரியுதுக்கா!" என்று தம்பி அன்றைக்குக் குதித்த குதி இன்னும் அவள் கண்ணில் இருக்கிறது. அதற்கும் மேலே, நிஜப் பாதைகளை லேசரால் அளந்து, பள்ளம் மேடு, சாக்கடை மூடி உள்பட அப்படியே திரைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆடுகிற நாற்காலி வந்தது, தலையில் மாட்டுகிற கண்ணாடி வந்தது. தம்பி எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்கில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பிரேக்தான் எப்போதும் ஒரு நொடி லேட். "உனக்குக் கை தங்கம்டா, கால் களிமண்" என்று அவள் கிண்டல் செய்வாள். கடைசியில் அவன் பார்சல் வேன் ஓட்டப் போனான். அவள் அம்பயர் ஆனாள்.

போன வருஷம் ஒரு மழை நாள். காலை எட்டே கால் மணிக்குத் தம்பி அவளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆபீசில் விட வந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் பைக்குள் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். "அக்கா!" என்று கத்தினான். நிமிர்ந்தாள். மருந்துக் கடையின் பச்சைப் பலகை அவள் ஜன்னலுக்கு நேரே இருந்தது. முன்னால், சந்திலிருந்து வந்த ஒரு சைக்கிள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், ஹேண்டில்பாரில் பிரஷ்களைச் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் பை தொங்கியது. வேன் அவரை இடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவருக்கு உயிர் போய்விட்டது.

வந்த போலீஸ்காரரிடம் அவள் தெளிவாகச் சொன்னாள்: "தம்பி பிரேக் போட்டான் சார். நல்லா அழுத்திப் போட்டான். என் பொழைப்பே அதைப் பாக்கறதுதான், எனக்கு இதுல தப்பாது."

அவர் எழுதிக்கொண்டார். தம்பியின் கேஸ் முழுக்க அந்த மூன்று வரியில்தான் நிற்கிறது. பழைய வேன், எதையும் பதிவு செய்கிற பெட்டி அதில் இல்லை. பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை. பிரேக் போட்டிருந்தான் என்றால், மழை, சறுக்கல், ஆண்டவன் விட்ட வழி. போடவில்லை என்றால், ரோட்டைப் பார்க்காமல் ஓட்டி ஓர் ஆளைக் கொன்றவன். ஜெயில்தான். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. "அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்க மேடம், கூடக் குறைய ஒண்ணும் வேண்டாம்" என்று தம்பியின் வக்கீல் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அதிலென்ன கஷ்டம், உண்மையைத்தானே சொல்லப் போகிறோம் என்று அவளும் நிம்மதியாக இருந்தாள்.

முதல் வாய்தாவில் அந்த நிம்மதி கொஞ்சம் ஆடியது. கோர்ட் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், செத்தவரின் மனைவி.

"நீங்கதான அந்த வேன்ல பக்கத்துல இருந்தவங்க?"

"ஆமாம்மா."

"அவரு பெல் அடிச்சாரா?"

சண்டைக்கு வருவாள், சாபம் விடுவாள் என்று நினைத்திருந்தவளுக்கு இந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "தெரியலம்மா. மழை சத்தமா இருந்துச்சு."

"அடிச்சிருப்பாரு. ஆளே இல்லாத சந்துல கூட அடிப்பாரு. எங்க வீட்டு வாசல்ல அடிச்சுட்டுத்தான் இறங்குவாரு." கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பாக்காம குறுக்க பூந்துட்டாருன்னு எழுதியிருக்காங்களாமே. அவரு அப்படி ஆளில்லம்மா."

கேஸை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். இரண்டு நாள் ரோட்டில் கேட்ட சைக்கிள் பெல்லுக்கெல்லாம் அம்பயர் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

ஆபீசில் அதே சமயம் வேறொரு கூத்து. புகாரைக் கொடுத்தால் நாலு விநாடியில் தீர்ப்புச் சொல்கிற ஒரு புரோகிராமை, லீக்கை நடத்துகிற முதலாளி வாங்கிப் போட்டார். எல்லோரும் அதைத் தாங்கு தாங்கு என்று தாங்கியதால் அதற்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் இவள்தான். மூன்று மாதம் அவளும் மாப்பிள்ளையும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினாலு புகாரில் இரண்டில்தான் வித்தியாசம். "அந்த ரெண்டுலயும் மாப்பிள்ளைதான் சரி" என்று அவளே ஒப்புக்கொண்டாள். அடுத்த சீசனிலிருந்து அவளுக்கு மேற்பார்வை வேலை என்றார் முதலாளி.

"மேற்பார்வைன்னா வீட்டுக்குப் போன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதாக்கும்!" என்றாள் மெக்கானிக்கிடம்.

"இன்னும் பத்து வருஷத்துல நிஜ ரோட்டுலயும் இதே கதைதான்க்கா" என்றார் அவர், ஒரு பெடலின் ஸ்பிரிங்கைப் பிடுங்கிக்கொண்டே. "எல்லா வண்டியிலயும் இந்தக் கோடு இருக்கும். சாட்சிக் கூண்டுல ஏற ஆளே வேண்டாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நம்மள மாதிரி ஆளுங்க சொல்றதுதான்."

இரண்டாவது வாய்தாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் டாக்டர் அந்த வீடியோவை அனுப்பினார். மறுபடி யாரையோ இடித்திருந்தார், மறுபடி சிவப்புக் கோடு தரையில் கிடந்தது. இந்தத் தடவை டாக்டர் விடவில்லை. காலடியில் கேமரா வைத்திருந்தார். "சத்தியமா போட்டேன்க்கா, பாருங்க! காலைக் காட்டு காலைக் காட்டுன்னீங்களே, இந்தாங்க, கால்!"

பார்த்தாள். டாக்டர் பொய் சொல்லவில்லை. இடிக்கிற கணத்தில் அவருடைய கால் அழுத்தித்தான் இருந்தது. கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தது. பெடலை இல்லை, பெடலுக்குப் பக்கத்தில் சும்மா கால் வைத்துக்கொள்கிற இரும்புத் தகட்டை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுத்தாள். இன்னொரு தடவை ஓட்டினாள். டாக்டரின் கால் தகட்டை அழுத்தியபோது மேசைக்கு அடியில் தன் கால் தரையை அழுத்துவது தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குனிந்து, நைந்துபோன தரைவிரிப்பைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு வந்த புகார் எதையும் அவள் திறக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் நின்றாள். "மருந்துக் கடை ரோடு உங்க லேசர் கணக்குல இருக்கா?"

அவருக்கு எல்லாக் கதையும் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை. "இருக்கு, டவுன் ரேஸுக்காக அளந்தது. சாயங்காலம் வாங்க" என்றார்.

அந்த ரோட்டில் ஒரு பார்சல் வேனையும், மழையையும், சந்து முனையில் ஒரு சைக்கிளையும் வைத்திருந்தார். பச்சைப் பலகையைக்கூட மறக்கவில்லை. பலகையிலிருந்து சைக்கிளுக்குப் பதினெட்டு மீட்டர், வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். தூரம் போலீஸ் அளந்தது, வேகம் தம்பி சொல்லி அவர்கள் எழுதியது. அவள் உட்கார்ந்து ஓட்டினாள். பலகை வந்ததும் பிரேக். வேன் சைக்கிளைத் தொடாமல் நின்றது. மறுபடி ஓட்டினாள். நின்றது. "மழையைக் கூட்டுங்க" என்றாள். கூட்டினார். "டயரைத் தேய்ச்சு விடுங்க." மொட்டையாக்கினார். அப்போது வேன் கொஞ்சம் சறுக்கிப் போய்ச் சைக்கிளை முட்டியது. சைக்கிள் சாய்ந்தது. சாகிற அடி இல்லை அது.

"ஒருவேளை..." என்று மெக்கானிக் ஏதோ ஆறுதலுக்குத் தேடினார்.

"இருங்க" என்று எழுந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து, ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க ஓட்டுங்க. பிரேக் போடவே கூடாது. பலகை வந்ததும் அக்கான்னு கத்துங்க."

அவர் ஓட்டினார். அவள் பைக்குள் கையை விட்டுக் குடையைத் தேடினாள். "அக்கா!" என்று கத்தினார் மெக்கானிக். நிமிர்ந்தாள். திரை முழுக்கச் சைக்கிள். இடித்துத் தூக்கியெறிந்துவிட்டு வேன் போய்க்கொண்டே இருந்தது.

"போடாதீங்கன்னு சொன்னேனே, ஏன் போட்டீங்க?" என்றாள் கோபமாக.

"நான் போடலையேக்கா."

"போட்டீங்க. நல்லா அழுந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

அவர் தன் காலைப் பிரேக் பெடலிலிருந்து தள்ளி மடக்கி வைத்திருந்ததைக் காட்டினார். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்து ஸ்டூலுக்குக் கீழே பார்த்தார். அவளும் பார்த்தாள். வலது கால் செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. வெறுங்கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அழுத்தத்தை எடுக்க அவளால் முடியவில்லை. மெக்கானிக் வாட்டர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

வாய்தாவுக்கு முந்தின நாள் தம்பி வீட்டுக்குப் போனாள். விபத்துக்குப் பிறகு அவன் வேனைத் தொடுவதில்லை. கோடவுனில் பார்சல் பிரிக்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கும் இடம் விட்டான்.

"டேய், நீ பிரேக் போட்டியா?"

"நீதானக்கா சொன்னே, போட்டேன்னு."

"உன்னைக் கேக்கறேன்."

"போன்ல அட்ரஸ் பாத்தேன். நிமிர்ந்தா அந்த ஆளு. உன்னைக் கூப்பிட்டேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்." கையைப் பிசைந்தான். "கூப்பிட்டதும் நின்னுடும்னு தோணுச்சு. நீ போலீஸ்ல போட்டான்னு சொன்னே. அக்காவே சொல்றா, அவளுக்குத் தப்பாது, அப்ப போட்டிருப்பேன்னு நானும் நம்பிட்டேன். ஒரு வருஷமா அதை நம்பித்தான் தூங்கறேன்."

அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும், மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. உள்ளே குழந்தை இருமியது.

"நாளைக்கு என்னக்கா சொல்லப் போறே?"

"பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று எழுந்துகொண்டாள். தம்பி மனைவி வாசல்வரை வந்து, அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கோர்ட்டில் கூட்டமில்லை. மின்விசிறி ஒன்று தட்டித் தட்டிச் சுற்றியது. பெயிண்டரின் மனைவி அதே பையோடு கடைசிப் பெஞ்சில் இருந்தாள். எதிர்ப்பக்கம் தம்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, ஸ்கூல் பையன் மாதிரி நின்றான். கூண்டுக்கு மரப்படி ஒன்று, கதவு கிடையாது. அக்கா ஏறி நின்றாள். பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டார்கள். வேலையைச் சொன்னபோது ஜட்ஜுக்கு அது புரியவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு எழுதிய மூன்று வரியை அரசுத் தரப்பு வக்கீல் படித்துக் காட்டினார்.

"இது நீங்க சொன்னதுதான?"

"நான் சொன்னதுதான்."

"பிரேக் போட்டதைக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்லைங்க. பைக்குள்ள குடையைத் தேடிட்டு இருந்தேன்."

தம்பியின் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாக்காம எப்படித் தெரிஞ்சுது?"

"கால்ல தெரிஞ்சுது."

"யாரு கால்ல?"

தம்பி தலை நிமிர்ந்தான். அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றினாள். அந்த வெறுங்காலைக் கூண்டுக்கு வெளியே எடுத்து, ஜட்ஜுக்கும் கடைசிப் பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி, மரப்படியின் மேல் வைத்து அழுத்தினாள்.